சார்ஜர் தொலைந்த நெற்றி லைட்டுக்கு போன் ஒயரை அறுத்து வைக்கலாமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது கட்டிக்கொள்ளும் நெற்றி லைட்டின் சார்ஜர் தொலைந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மின் சிகரெட் பேனாவுக்குச் சார்ஜர் இல்லாமல், யுஎஸ்பி ஒயரை அறுத்து, சிவப்பு முனையை நடுவிலும் கருப்பு முனையை ஓரத்து மரையிலும் தொட வைத்துச் சார்ஜ் ஏற்றும் வீடியோவை அவர் பார்த்திருக்கிறார். நெற்றி லைட்டின் பேட்டரிக்கும் அப்படியே செய்யலாமா என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சார்ஜ் ஏறுமா என்பது ஒன்று: ஏறும். வீட்டுக்குள் வைத்து அப்படி ஏற்றலாமா என்பது இன்னொன்று: கூடாது. ஏறுகிறது என்பதாலேயே பலர் இதைத் தொடர்ந்து செய்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நான் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, மன்னார்குடியில் ரேடியோ, டிவியில் தொடங்கி இன்று பேட்டரி விளக்கு, ஸ்ப்ரேயர் வரை பழுது பார்ப்பவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த மின் சிகரெட் பேனாவை முடித்துவிடலாம். நம் நாட்டில் அதைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, சேமித்து வைப்பது எல்லாவற்றையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பேனா நமக்கு வேண்டாம். ஆனால் அதற்குள் இருப்பதும் உங்கள் அப்பாவின் விளக்குக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரே இனம், லித்தியம் அயான் பேட்டரி. பேனாவில் இருப்பது சுண்டுவிரல் அளவு. சில நூறு மில்லி ஆம்பியர் மணிதான் கொள்ளும். நெற்றி லைட்டில் இருப்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 என்ற உருளை; அதைவிடப் பல மடங்கு ஆற்றல் அதில் அடைந்திருக்கிறது. தவறு நடந்தால் விளைவும் அந்த அளவுக்குப் பெரிதாகும்.

இந்த வகைப் பேட்டரியின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். அதற்கு மேல் போகக் கூடாது. அனுமதிக்கப்படும் பிசகு மிக மிகக் குறைவு. சரியான சார்ஜர் எப்படி வேலை செய்கிறது என்பதை வயலுக்குத் தண்ணீர் வைப்பவருக்குச் சொல்லிப் புரிய வைப்பது எளிது. வயல் காய்ந்து கிடக்கும்போது மடையை நன்றாகத் திறக்கிறோம். தண்ணீர் வரப்பை நெருங்கும்போது மடையைக் குறுக்குகிறோம். வேண்டிய மட்டம் வந்ததும் அடைத்துவிடுகிறோம். சார்ஜரும் முதலில் ஒரே சீரான மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அழுத்தத்தை அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மின்னோட்டம் தானாகக் குறைய விடுகிறது. அது தொடக்கத்தில் இருந்ததில் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் முற்றிலும் துண்டித்துவிடுகிறது. போன் சார்ஜரில் இந்த வேலை எதுவும் கிடையாது. அது 5 வோல்ட் தருகிறது, அவ்வளவுதான். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் கட்டுப்பாடு போனுக்குள்ளேதான் இருக்கிறது. ஒயரை அறுத்து நேராகப் பேட்டரியில் வைத்தால் மடையை அடைக்க ஆள் இல்லை. 4.2ஐத் தாண்டியும் அது ஏறிக்கொண்டே இருக்கும்.

தாண்டினால் உள்ளே நடப்பது இது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் போய்ச் சேரும் இடம் பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட் தகடு. அது நிரம்பிவிட்டால் உள்ளே போக இடமில்லாத லித்தியம், அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படியத் தொடங்கும். எதிர்ப்புறத் தகடு நிலை குலைந்து ஆக்சிஜனை விடும். நடுவில் இருக்கும் திரவம் எரியக்கூடிய கரைப்பான். அது சிதைந்து வாயுவாகும். வெப்பம் கூடும், கூடிய வெப்பம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஒரு கட்டத்துக்கு மேல் ஒயரைப் பிடுங்கினாலும் நிற்காது. அப்போது வரும் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு போன்ற நச்சு இருக்கும். இவை எல்லாம் ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட பேட்டரி எத்தனையாவது முறையில் இந்த நிலைக்குப் போகும் என்பதை மட்டும் வெளியிலிருந்து பார்த்து யாராலும் கணிக்க முடியாது.

“நான் பல நாள் அப்படித்தான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தப்பித்ததற்குக் காரணங்கள் உண்டு. சில பேட்டரிகளின் அடியில் நகத்தளவு பாதுகாப்புப் பலகை ஒட்டப்பட்டிருக்கும். அது ஏறக்குறைய 4.3 வோல்ட்டில் இணைப்பைத் துண்டிக்கும். சில ஒயர்கள் மிக மெல்லியவை. அவற்றின் மின்தடையே மின்னோட்டத்தை மட்டுப்படுத்திவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அவசரமாகப் பிடுங்கியிருப்பார்கள். பாதுகாப்புப் பலகை கடைசி நேரத்தில் காப்பாற்றுவதற்காக வைத்தது; தினமும் அதை நம்பிச் சார்ஜ் போடுவது தவறு. விலை மலிந்த நெற்றி லைட்டுகளில் வரும் பேட்டரியில் பெரும்பாலும் அந்தப் பலகையே இருப்பதில்லை.

இனி உங்கள் அப்பாவின் விளக்குக்கு வருவோம். நீங்கள் படம் இணைக்கவில்லை, அதனால் அது எந்த வகை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல முடியும். விளக்கின் சார்ஜ் துளையைப் பாருங்கள். போனில் இருப்பதைப் போன்ற யுஎஸ்பி துளை இருந்தால், சார்ஜ் கட்டுப்பாடு பெரும்பாலும் விளக்குக்குள்ளேயே இருக்கும். சார்ஜ் போட்டதும் விளக்கின் உடம்பிலேயே சிவப்பு எரிந்து, நிறைந்ததும் பச்சையோ நீலமோ ஆனால் அது கட்டுப்பாடு உள்ளே இருப்பதற்கு நல்ல அடையாளம். அப்படியானால் கவலையே இல்லை. 5 வோல்ட் தரும் எந்த நல்ல போன் சார்ஜரும் போதும், எதையும் அறுக்க வேண்டாம்.

ஊசி போல் உருண்டையான முனை செருகும் துளை இருந்தால்தான் சிக்கல். நம் பக்கத்துச் சந்தைகளில் விற்கும் நெற்றி லைட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகை. அதனோடு வரும் அடாப்டரின் வயிற்றில் பொடி எழுத்தில் 4.2 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் என்று அச்சடித்திருக்கும். அந்த 4.2ஐக் கவனியுங்கள். அதற்கு அர்த்தம், கட்டுப்பாடு அடாப்டரில்தான் இருக்கிறது, விளக்கில் இல்லை என்பது. கடைக்கு வரும் இப்படிப்பட்ட விளக்கின் பின்பெட்டியைத் திருகு கழற்றிப் பார்த்தால், துளையிலிருந்து சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர் கிளம்பி, நடுவில் எதுவும் இல்லாமல் நேரே பேட்டரியின் இரு தலையிலும் பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு ஒன்று மட்டும் இருக்கும். அந்தத் துளையில் 5 வோல்ட் செருகுவதும் பேட்டரியில் ஒயரை நேராக வைப்பதும் ஒன்றேதான். முனை கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 4.2, 5, 6, 9, 12 வோல்ட் அடாப்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு முனை போட்டு விற்கிறார்கள். செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர் பொருந்துகிறது என்று செருகிய விளக்குகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அடாப்டரில் 8.4 என்று இருந்தால் உள்ளே இரண்டு பேட்டரி அடுத்தடுத்துத் தொடராக இணைத்திருக்கிறார்கள் என்று பொருள், அதற்கு 8.4 மட்டுமே பொருந்தும்.

இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் உயிருக்கே ஆபத்து. உடம்பிலிருந்தே இரண்டு முள் பிளக் நீளும் மலிவு டார்ச், கொசு மட்டை ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது 4 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி. அவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு மின்தேக்கியை வைத்து 230 வோல்ட்டை மட்டுப்படுத்துவார்கள். வீட்டு மின்சாரத்துக்கும் உள்ளே இருக்கும் ஒயர்களுக்கும் இடையே எந்தத் தடுப்பும் இல்லை. பிளக்கில் இருக்கும்போது உள் ஒயரைத் தொட்டால் மெயின் லைனைத் தொட்டது போலத்தான் அடிக்கும், ஈரக் கையோடு தொட்டால் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு டார்ச்சிலிருந்து இரண்டு ஒயர் வெளியே இழுத்து, அதை லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜராக மாற்றும் யோசனை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். 4 வோல்ட் ஈய அமிலப் பேட்டரிக்கு நிறைவு அழுத்தம் 4.8 வோல்ட்டுக்கு அருகில். லித்தியத்துக்கு அது 0.6 வோல்ட் அதிகம்.

இதே தவறு பெரிய அளவில் நடப்பது பேட்டரி ஸ்ப்ரேயரில். மருந்தடிக்கும் காலத்தில் எங்கள் கடையில் வந்து நிற்பவை பெரும்பாலும் அவைதான். பழைய ஸ்ப்ரேயரில் 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி இருக்கும், அதன் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். எடை குறையட்டும் என்று இப்போது லித்தியம் பேட்டரி போட்டுத் தருகிறார்கள். மூன்று பேட்டரி தொடராக இருக்கும் அந்தக் கட்டு 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும். துளை ஒன்றுதான். வீட்டில் பழைய சார்ஜர் இருக்கிறதே என்று செருகுகிறார்கள். பேட்டரிக்கட்டில் நல்ல பாதுகாப்புப் பலகை இருந்தால் அது துண்டித்துக்கொண்டு, சார்ஜே ஏறவில்லை என்ற புகாரோடு கடைக்கு வரும். பலகை சொத்தையாக இருந்தால் ஒவ்வொரு பேட்டரிக்கும் 4.2க்குப் பதில் ஏறக்குறைய 4.8 வோல்ட் போகும். அப்படி வந்த ஒரு ஸ்ப்ரேயரில், பேட்டரி அறையின் பிளாஸ்டிக் உள்பக்கமாக இளகித் தொங்கியிருந்தது. நீல உறை சுருங்கி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. வைத்திருந்த இடம் வைக்கோல் போட்ட கொட்டகை. அது பற்றி எரியாதது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். வீட்டில் இரண்டு வகை ஸ்ப்ரேயரும் இருந்தால் சார்ஜர் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மிகச் சிறந்த வழி, 4.2 வோல்ட் என்று அச்சடித்த அதே வகை அடாப்டரைக் கேட்டு வாங்குவது. வாங்கியதும் மல்டிமீட்டரில், அதாவது வோல்ட் அளக்கும் மீட்டரில், முனையை அளந்து பாருங்கள். 4.2க்கு மேல் போகக் கூடாது. நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்பதும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். இதில் அசலாக வந்த சார்ஜர் என்பதற்காக அதற்குத் தனி மரியாதை தர வேண்டியதில்லை. விளக்கோடு பெட்டியில் வந்த மலிவு அடாப்டர்களிலேயே அளவு தப்பியவற்றைப் பார்த்திருக்கிறேன்.

அடாப்டர் கிடைக்கவில்லை, ஆனால் பேட்டரியைக் கழற்ற முடிகிறது என்றால், 18650 உருளைகளை வைத்துச் சார்ஜ் ஏற்றும் தொட்டி போன்ற சார்ஜர் தனியாக விற்கிறது. அதை வாங்கி வைப்பது வீட்டுக்கு நல்லது. பிளஸ், மைனஸ் பார்த்து வைத்தால் மற்றதை அது கவனித்துக்கொள்ளும். பேட்டரியின் உறையில் 3.2 வோல்ட் என்று இருந்தால் மட்டும் அதில் வைக்காதீர்கள். அது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்ற வேறு இனம், 3.65 வோல்ட்டில் நிறைந்துவிடும். சோலார் விளக்குகளில் அதுதான் அதிகம்.

பற்றவைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நான் பரிந்துரைப்பது வேறு. டி.பி. 4056 (TP4056) என்ற சிறு சிப் வைத்த சார்ஜிங் போர்டு எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது, விலையும் மிகச் சொற்பம். 5 வோல்ட்டை வாங்கி, மேலே சொன்ன முறைப்படி 4.2 வோல்ட்டில் நிறுத்தும். அதிலேயே யுஎஸ்பி துளை இருப்பதால் இனி எந்த போன் சார்ஜரும், பவர் பேங்க்கும், டிராக்டரில் உள்ள யுஎஸ்பி முனையும் உதவும். பேட்டரிக்கு இரண்டு முனை, விளக்குக்குத் தனியாக இரண்டு முனை என்று உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். அதில்தான் பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்திருக்கும். இல்லாதது சில ரூபாய் குறைவாக இருந்தாலும் வேண்டாம். கடையிலிருந்து வரும் நிலையில் அது 1 ஆம்பியர் கொடுக்கும். உங்கள் பேட்டரி பெயரற்ற மலிவுப் பேட்டரி என்றால் அது சற்று அதிகம். போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் போட்டால் 580 மில்லி ஆம்பியராகக் குறையும். நேரம் கூடும், பேட்டரிக்குச் சூடு குறையும். இதைப் பொருத்திய பிறகு பழைய ஊசித் துளையின் ஒயரை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துளையில் ஒருநாள் யாராவது எதையாவது செருகுவார்கள். சார்ஜ் ஏறும்போது விளக்கை எரிய விடாதீர்கள். நிறைந்துவிட்டதா என்பதை போர்டு தவறாகக் கணிக்கும்.

சார்ஜ் போடுவதற்கு முன்பு பேட்டரியையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். சார்ஜர் தொலைந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. 2.5க்கும் 3க்கும் இடையே இருந்தால், டி.பி. 4056 போர்டு தொடக்கத்தில் மிக மெதுவாக ஏற்றி மேலே கொண்டுவரும். 2 வோல்ட்டுக்கும் கீழே பல நாள் கிடந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த நிலையில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்திருக்கும்; திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு முள்ளாகப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. இடையில் உள்ளவற்றை நான் பொதுவாக வாடிக்கையாளருக்குத் திருப்பித் தராமல் புதிதே போடச் சொல்வேன். இது என் கணிப்புதான்; வேறு மெக்கானிக் வேறு அளவு வைத்திருக்கலாம். வயல் தண்ணீரில் விழுந்து நனைந்த விளக்கை நன்றாக உலர்த்தாமல் சார்ஜில் போடக் கூடாது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்றில் முனைகளில் பச்சை படிந்து வருவதும் அடிக்கடி பார்ப்பது. அதைச் சுரண்டித் துடைத்த பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் காட்டுவது தவறாக இருக்கும்.

புதுப் பேட்டரி வாங்குவதாக இருந்தால் உறையில் 9900 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த அளவு உருளையில் பெயர் பெற்ற நல்ல பேட்டரிகளே பெரும்பாலும் 3500 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவதில்லை. 9900 என்று அச்சிடத் துணிந்தவர் உள்ளே என்ன வைத்திருப்பார் என்பதையும் நம்ப முடியாது. கையில் எடுத்தால் 45 கிராம் அளவுக்குக் கனம் இருக்க வேண்டும். ஐ.எஸ். 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தைத் தொடர்ந்து பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2000 முதல் 2600 வரை என்று எழுதிய நல்ல பேட்டரி ஒன்று, அப்பாவின் ஓர் இரவு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த பிறகு, நம் பகுதியில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்து போனுக்குச் சார்ஜ் போட்ட நாள்கள் அவை. பைக் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து டார்ச்சுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட நிலையில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். பைக்கில் பொருத்தும் யுஎஸ்பி சார்ஜர் வழியாக ஒரு பவர் பேங்க்கையோ யுஎஸ்பி துளை உள்ள விளக்கையோ சார்ஜ் செய்யலாம், அதில் தவறில்லை. 12 வோல்ட்டை நேராக ஒற்றை லித்தியம் பேட்டரிக்குக் கொடுப்பதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. அதைவிடச் சாதாரண பென் டார்ச் பேட்டரி போடும் விளக்கு ஒன்றை வீட்டில் எப்போதும் வைத்திருங்கள்.

சார்ஜ் போடும் இடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தகரம் போட்ட மோட்டார் கொட்டகையில் சித்திரை வெயிலில் 45 டிகிரியை எளிதாகத் தாண்டும். அந்த வெப்பத்தில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. தலையணை அருகில், சாக்கு மேல், வைக்கோல் பக்கத்தில் வைக்காமல் சிமெண்ட் தரையில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம். தொட முடியாத சூடு, இனிப்புக் கலந்த கரைப்பான் வாடை, சீறும் ஓசை இவற்றில் எது வந்தாலும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அதை விட்டு விலகுங்கள். புகை வரும் முன்பே என்றால் கரண்டியாலோ குச்சியாலோ வாசலுக்குத் தள்ளிவிடலாம். தீப்பிடித்துவிட்டால், மெயின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கும் நிலையில், தள்ளி நின்று தண்ணீரை நிறைய ஊற்றலாம். இந்த வகைச் சிறு பேட்டரிக்குத் தண்ணீர் குளிர்ச்சி தரும். புகையைச் சுவாசிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். செத்த பேட்டரியை வாய்க்காலில் எறியாமலும் குப்பையோடு கொளுத்தாமலும், இரு முனையிலும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுங்கள்.

அடாப்டர் வந்து சேரும்வரை அப்பாவை வெளிச்சம் இல்லாமல் அனுப்பாதீர்கள். முறை வைத்துத் தண்ணீர் வரும் நாள்களில் நள்ளிரவிலும் வரப்பில் நடக்க வேண்டியிருக்கும். கண்ணாடி விரியன் நடமாடும் நேரமும் அதுதான். பக்கத்து வீட்டு டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கின் பின்பெட்டியைத் திறந்து, பேட்டரியின் உறையில் உள்ள எழுத்தும் துளையிலிருந்து வரும் ஒயர்களும் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போட்டால், எது வாங்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறேன்.